ஊரில் இருந்த நான்கு வக்கீல்கள்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள். அதனால் அவளுக்குப் பெயரே டீச்சர் என்று ஆகிவிட்டது. காய்கறிக் கடைக்காரருக்கும் டீச்சர், வங்கி காசாளருக்கும் டீச்சர், போக்குவரத்துப் போலீஸ்காரருக்கும் டீச்சர். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "டீச்சர், இன்னிக்கும் கியர் மாத்தறப்போ உங்க குரல்தான் காதுல கேக்குது" என்பார்.

"அப்போ பெல்ட் போடச் சொன்னப்போ மட்டும் காது அடைச்சிடுச்சா?" என்பாள் இவள்.

பள்ளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர். ஊர் அவரை மேனேஜர் என்றது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை மங்கல். அதனால் லைசென்ஸ் கிடையாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மேனேஜருக்கே லைசென்ஸ் இல்லை என்பது ஊருக்குள் பழைய நகைச்சுவை. அவர் எங்கே போக வேண்டுமென்றாலும் டீச்சர்தான் கொண்டுபோய் விடுவாள். அதை அவள் ஒரு நாளும் வேலையாக நினைத்ததில்லை. நாள் முழுக்க ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, தானே ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவது ஓய்வாகவே இருந்தது.

மகள் வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. ஒரு நாள் மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவளின் எதிரே வந்து உட்கார்ந்து, அவர் டிவியை அணைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோபப்படாம கேளு. நாம பிரிஞ்சிடலாம்னு எனக்குத் தோணுது."

அவள் கையில் இருந்த துண்டை மடித்து முடித்தாள். பிறகு பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"வேற யாராவது இருக்காங்களா?"

"சத்தியமா இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம், அவ்வளவுதான். இந்த நினைப்பே போன வாரந்தான் வந்துச்சு. வந்ததும் உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

அவள் அழுதாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த நேரத்திலும் அவர் நல்லவராகவே நடந்துகொள்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு வந்த மாலைகளில் அவர் அவளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவது போல, பொறுமையாக, திரும்பத் திரும்ப.

"விவாகரத்துல ரெண்டு வழி இருக்கு. மனமொத்துப் பிரியறது ஒண்ணு. சண்டை போட்டுப் பிரியறது இன்னொண்ணு. சண்டைன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும். ஆளுக்கொரு வக்கீல், வாய்தாவுக்கு ஒரு ஃபீஸ், எழுதற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஃபீஸ். பொண்ணு படிப்புக்குன்னு வெச்சிருக்கறதெல்லாம் அவங்க வயித்துக்குப் போயிடும். மனமொத்துப் போனா ஒரே மனு, ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல், கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"பள்ளி?"

"பள்ளி பதிவானது என் பேர்ல. சட்டம் பேரைத்தான் பாக்கும், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஆனா உன்னை வெறுங்கையோட விட்டுடுவேனா? வீட்டை வித்துக் கடனை அடைச்சிட்டு, மிச்சத்தை நீயே வெச்சுக்கோ."

வீட்டுக் கடனை அடைத்தால் என்ன மிஞ்சும் என்று அவள் கேட்கவில்லை. காகிதம் என்றாலே அவர், வண்டி என்றாலே இவள் என்று இத்தனை வருடம் ஓடிவிட்டது. அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஊர் எல்லையில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். பள்ளியின் வண்டிகளெல்லாம் அவரிடம்தான் பழுது பார்க்கப் போகும். அண்ணன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை சொல்றது நியாயமாத்தான் படுது, பாப்பா. கோர்ட் வாசல் மிதிக்காத குடும்பம் நம்மளது. வக்கீல்கிட்டப் போய் வம்பை விலைக்கு வாங்காத. அவர் நீட்டற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு."

அவளும் போட்டிருப்பாள். தடுத்தது ஒரு நர்ஸ்.

அந்த நர்ஸம்மா நடுத்தர வயதில் கார் பழக வந்தவர். பேச்சில் தைரியம், ஸ்டியரிங்கில் நடுக்கம். அன்று பின்னால் வண்டி எடுக்கும் பயிற்சி. டீச்சரின் கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, "என்னாச்சு?" என்றார். தெரியாதவர்களிடம் சொல்வதுதான் சில சமயம் சுலபம். டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நர்ஸம்மா கேட்டார்: "இந்தச் சட்டமெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"அவர்தான்."

"உங்களை விட்டுப் போறவரா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர், ரிவர்ஸ் எடுக்கறப்போ நீங்க எனக்கு என்ன சொன்னீங்க? பின்னாடி நின்னு ஒருத்தன் 'வா, வா'ன்னு கை காட்டுவான், அவனை நம்பாத, நீயே கழுத்தைத் திருப்பிப் பாருன்னு சொல்லல? இடிச்சா அவன் போயிடுவான், வண்டி உன்னோடதுன்னு சொல்லல?"

மறுநாள் பயிற்சிக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் டீச்சர் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனாள். விவாகரத்து வழக்கு நடத்துபவர்கள் அந்த ஊரில் நான்கு பேர்தான். முதலாமவர் தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். அவள் பெயரையும் கணவர் பெயரையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது உட்காரவில்லை.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க கேஸை நான் எடுக்க முடியாது."

"ஏன் சார்? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லாம இருக்கறதுதான் நல்லது. காரணம் கேக்காதீங்க. வேற ஒருத்தரைப் பாருங்க."

தன் பிரச்சினை அவருக்குச் சின்னதாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

இரண்டாவது வக்கீல் ஒரு பெண். பெண்கள் வழக்கென்றால் அவர்தான் என்று ஊரே சொல்லும். அவருடைய அலுவலகம் ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. வண்டியைச் சந்துக்குள் திருப்பியதும், டீச்சரின் கைகள் அவளைக் கேட்காமலே ஒரு வேலை செய்தன. மின்மாற்றியைத் தாண்டி, சுவரோரம் இருந்த ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய இடத்தில், ஒரே வளைப்பில் காரைச் சேர்த்து நிறுத்தின.

டீச்சர் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆட்களின் முகம் அவளுக்கு மறந்துபோகும். வண்டி நிறுத்திய இடம் மறக்காது. இங்கே அவள் நிறுத்தியிருக்கிறாள். ஒரு தடவைக்கு மேல். கணவருக்குப் பல் வலி வந்தபோது.

வேர் வரைக்கும் சொத்தையாகிவிட்டது, சுத்தம் செய்ய நாலைந்து தடவை வரச்சொல்கிறார்கள் என்று அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். இவள் கீழே காரில் காத்திருந்தாள். இறங்கி வந்தவரைப் பேச வேண்டாம் என்று சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சூப் வைத்துக் கொடுத்தாள். ஆற வைத்துக் கொடுத்தாள்.

காரிலிருந்து இறங்கி அந்தக் கட்டடத்தின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஜெராக்ஸ் கடை, தட்டச்சுப் பயிற்சி, கண்ணாடிக் கடை, வக்கீல் அலுவலகம். பல் டாக்டர் இல்லை. ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம், "இங்க இருந்த பல் டாக்டர் காலி பண்ணிட்டாரா?" என்று கேட்டாள்.

"இங்க எந்தக் காலத்துல பல் டாக்டர் இருந்தாரு? பல்லுன்னா பெரிய ரோட்டுக்குப் போங்க."

ஆனாலும் மாடி ஏறினாள். அந்தப் பெண் வக்கீலும் பெயர்களைக் கேட்டார். அவரும் முடியாது என்றார். சொல்லும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாமவரையும் நான்காமவரையும் பார்க்க அவள் மாடி ஏறவே இல்லை. கட்டடத்துக்கு முன்னால் போய் வண்டியை நிறுத்தினாலே போதுமாக இருந்தது. சோபா, கட்டில் விற்கும் கடைக்கு மேலே மூன்றாமவர். அங்கே கணவர் வந்தது இன்சூரன்ஸ் வேலை என்று சொல்லி. பாலத்துக்குப் பக்கத்தில் நான்காமவர். அங்கே முட்டி வலிக்கு மருந்து. அன்று மழை கொட்டியது. அவர் நனையக் கூடாதென்று இவள் காரிலிருந்து குடை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மாடிப்படி வாசலில் நின்றாள். முதலாமவர் இருந்த தையல் கடைக் கட்டடமும் இப்போது நினைவுக்கு வந்தது. அங்கே சொன்ன காரணம் வருமான வரி. அங்கே மட்டும் பின்பக்கத் தெருவில் நிறுத்தியிருந்ததால் முன்வாசல் புதிதாகத் தெரிந்திருக்கிறது.

அந்த மழை போன வருடத்து மழை. இந்த நினைப்பே போன வாரந்தான் வந்தது என்றல்லவா அவர் சொன்னார்.

ஊரிலிருந்த நான்கு வக்கீல்களிடமும் அவரைக் கொண்டுபோய் விட்டது அவள்தான். தன் பெட்ரோலில், தன் நேரத்தில், பயிற்சிக்கு வந்தவர்களை மாற்றிப்போட்டுவிட்டு. கூடவே இருந்து குழி பறித்தார் என்று சொன்னால் கூடப் போதாது. மண்வெட்டியையும் இவளே அல்லவா சுமந்துபோய்க் கொடுத்திருக்கிறாள்.

நேரே அண்ணனிடம் போனாள். வேறு யாரிடம் போவாள்? அழுதால் தாங்கிக்கொள்ள ஒரு தோள் வேண்டியிருந்தது. ஷெட்டின் முன்பக்கம் ஆள் இல்லை. "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் போனாள். அங்கே தார்ப்பாய் போட்டு மூடிய இரண்டு கார்கள் நின்றன. ஒன்றில் தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. நீல நிறம், பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

பள்ளியில் நீல வண்டி எதுவும் கிடையாது. ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடியின் அடியில் இருந்த ஒடுங்கல் அவளுக்குத் தெரியும். காய்கறிக் கடைக்காரர் கேட்டில் இடித்தபோது விழுந்தது. கதவைத் திறந்து, பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். இரண்டாவது பிரேக் அவள் பாதத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது. பள்ளியிலேயே புதிய வண்டி அது. எஞ்சின் போய்விட்டது, சரிசெய்ய மாதக்கணக்காகும் என்று சொல்லி இதையும் இன்னொன்றையும் அவர் அனுப்பிவைத்திருந்தார். மிச்சமிருந்த பழைய வண்டிகளை வைத்துக்கொண்டு இவள்தான் காலையிலிருந்து இருட்டும் வரை மாரடித்துக்கொண்டிருந்தாள்.

சாவி அதிலேயே இருந்தது. திருப்பினாள். எஞ்சின் ஒரு தடங்கலும் இல்லாமல் சீராக உறுமியது.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எஞ்சின் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"பாப்பா, நீ முதல்ல இறங்கு. சொல்றேன்."

"இங்கயே சொல்லு."

சொன்னார். துண்டு துண்டாக, கையைப் பிசைந்துகொண்டு. பெரிய கம்பெனி ஒன்று பள்ளியை வாங்கக் கேட்கிறது. மாப்பிள்ளையையே இந்தக் கிளைக்குத் தலைவராகப் போடுகிறார்கள். வண்டி ரிப்பேர் எல்லாம் அண்ணனுக்கு. ஆனால் அதற்கு முன்னால் பள்ளி அவர் ஒருவர் கையில் இருக்க வேண்டும். நல்ல வண்டிகள் கணக்கில் இருந்தால் இவளுக்குப் பங்கு கொடுக்க வேண்டி வரும். அதனால் ஓடாத வண்டி என்று அண்ணனுக்கு விற்றதாகக் காட்டிவிட்டு, எல்லாம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"போன மழைக்காலத்துலேர்ந்து."

"நான் வந்து உன் முன்னாடி அழுதப்போ?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நீ எப்படியும் சமாளிச்சுக்குவ பாப்பா. உன் கையில தொழில் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? ரெண்டு பசங்களை வெச்சுக்கிட்டு இந்த ஷெட்டுல நான் படற பாடு உனக்குத் தெரியாது. நீ கெட்டிக்காரி."

"கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னு சொல்லிச் சொல்லியே என் கழுத்தை அறுத்திருக்கீங்க, ரெண்டு பேரும்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இறங்கி அவரைத் தாண்டிப் போனாள். அவ்வளவு நேரம் வராத அழுகை தன் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வந்தது. கணவர் செய்ததை நினைத்து வந்த அழுகை இல்லை அது. கணவர் என்பவர் வெளியிலிருந்து வந்தவர், வந்த வழியே போகிறார் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அண்ணனை என்னவென்று சொல்லிக்கொள்வது?

பக்கத்து நகரத்தில் ஒரு வக்கீலை நர்ஸம்மாதான் சொன்னார். போக ஒரு காலைப்பொழுது, வர ஒரு மாலைப்பொழுது. வயதான அம்மாள். மெதுவாகப் பேசுவார், பேசும்போது பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார். இவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். நான்கு கட்டடங்களைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பென்சில் நின்றது.

"இது பழைய தந்திரம்மா. ஒருத்தர் தன் ரகசியத்தை ஒரு வக்கீல்கிட்டச் சொல்லிட்டார்னா, அந்த வக்கீல் அதுக்கப்புறம் அவருக்கு எதிரா நிக்கக் கூடாது. அது தொழில் தர்மம். உங்க வீட்டுக்காரர் நாலு பேர்கிட்டயும் போய் ஆலோசனை கேக்கற மாதிரி உட்கார்ந்து, ஆளுக்கொரு ஃபீஸைக் கட்டிட்டு வந்துட்டார். ஊர்ல இருந்த கதவையெல்லாம் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்கிட்டார். நீங்க தனியா நிப்பீங்க, அவர் காட்டற வக்கீல்கிட்டயே போவீங்கன்னு கணக்கு."

"ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும்னார்."

"வக்கீல் எப்பவும் ஒரு பக்கத்துக்குத்தான். பொதுன்னு சொன்னா, ஃபீஸ் யார் கட்டறாங்கன்னு பாருங்க, அவங்களுக்குத்தான் வக்கீல்."

"பள்ளி அவர் பேர்ல இருக்கே?"

"யார் பேர்ல இருக்குங்கறது ஒரு கேள்வி. யார் உழைப்புல வளர்ந்துதுங்கறது இன்னொரு கேள்வி. கோர்ட் ரெண்டையும் கேக்கும். அதுவும் போக, சொத்து விவரம் பூராவையும் ரெண்டு பேரும் சத்தியப் பிரமாணமா எழுதிக் கொடுக்கணும். அதுல மறைச்சா அது குத்தம்."

டீச்சருக்கு மூச்சு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய வந்த மூச்சு அது.

"சரி, செலவைச் சொல்லுங்கம்மா. மறைக்காம சொல்லுங்க."

அம்மாள் சொன்னார். மனுவுக்குக் கோர்ட்டில் கட்டுவது கொஞ்சந்தான். செலவெல்லாம் வக்கீலின் நேரத்தில் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதினால் அதற்குப் பதில், பதிலுக்குப் பதில், ஒவ்வொன்றுக்கும் கூலி. பேசித் தீர்த்தால் ஒரு பங்கு, வழக்காடினால் பல பங்கு. வழக்கு முடியும் வரைக்கும் உங்கள் வீட்டுச் செலவை அவர் தர வேண்டும் என்று கேட்கலாம். ஊரில் வக்கீல் கிடைக்காமல் செய்தது அவர்தான் என்று நிரூபித்தால், வெளியூர் வக்கீல் வைத்த செலவையும் அவர் தலையில் கட்டச் சொல்லலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இப்போ சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"அவர் எல்லார் முன்னாடியும் அசிங்கப்படணும்."

"அதுக்கும் வழக்கு நடத்தலாம். இருக்கறதுலயே செலவு ஜாஸ்தியானது அதுதான். ஆனா கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். வேற என்ன வேணும்?"

"பள்ளி வேணும். என் வண்டிங்க வேணும்."

"அது நடக்கும். ஆனா அந்த ரெண்டு வண்டிக்கு உங்க அண்ணனைச் சாட்சியாக் கூப்பிடணும். அவருக்குக் கோர்ட்லேர்ந்து சம்மன் போகும். முடியுமா உங்களால?"

அதற்கு மட்டும், யோசித்துவிட்டுப் போன் செய்வதாகச் சொல்லி எழுந்தாள்.

வீடு திரும்பியபோது அவர் வாசலில் நின்றிருந்தார். "நாள் பூரா எங்க போயிருந்த? வகுப்பையெல்லாம் மாத்திட்டியாமே?"

"பல் வலி. வேர் வரைக்கும் போயிடுச்சாம். இன்னும் நாலஞ்சு தடவை போகணும்."

அவர் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, "பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து சட்டப் பாடம் நின்றுவிட்டது.

வழக்குப் போட்டு அண்ணனுக்குச் சம்மன் அனுப்பச் சொல்லி அவள் வக்கீல் அம்மாளுக்குப் போன் செய்தது, மகளிடம் பேசிய பிறகு. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுதாள், அப்பாவைத் திட்டினாள், பிறகு கேட்டாள்: "மாமாவை விட்டுடேன்மா. பாவம், நம்மை விட்டா அவருக்கு யார் இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கான்னு அவன் கேக்கலையே, கண்ணு."

சம்மன் போன அன்று அண்ணன் பள்ளிக்கே வந்துவிட்டார். மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் காகிதத்தை ஆட்டிக்கொண்டு கத்தினார். "கூடப் பிறந்தவனுக்கே சம்மனா? நாலு பேர் என்னைப் பாத்துச் சிரிக்கணுமா? அம்மா இருந்திருந்தா இந்த வேலை செய்வியா நீ?"

டீச்சர் காரிலிருந்து இறங்கினாள். "அம்மா இருந்திருந்தா நீ செஞ்சிருப்பியா அண்ணா? கோர்ட்ல பொய் சொல்லுன்னு நான் சொல்லல. உண்மையைச் சொல்லு. அது போதும்."

"சொன்னா எனக்கு என்ன ஆகும்?"

"சொல்லலைன்னா என்ன ஆகும்னு ஒரு வக்கீலைப் போய்க் கேளு. ஊர்ல நாலு பேர் இருக்காங்க."

அவர் போய்விட்டார். அவள் திரும்பிக் காரில் ஏறி, பயிற்சிக்கு வந்த பையனிடம் "ஃபர்ஸ்ட் கியர்" என்றாள்.

சாட்சிக் கூண்டு வரைக்கும் போகவில்லை. அண்ணன் யாரைக் கேட்டாரோ, என்ன பயந்தாரோ, விசாரணைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் இரண்டு நீல வண்டிகளும் பள்ளி மைதானத்தில் நின்றன. கொண்டுவந்து விட்டவர்கள் ஷெட் ஆட்கள். அண்ணன் வரவில்லை. அதற்குப் பிறகு மேனேஜரின் வக்கீலே பேசித் தீர்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்.

கோர்ட் கட்டடத்தில் சமரசம் பேசுவதற்கென்று ஓர் அறை இருந்தது. நீள மேஜை, இரண்டு பக்கமும் நாற்காலிகள், மாற்றி மாற்றிச் சத்தம் போடும் ஒரு மின்விசிறி. எதிரே கணவர். அவருக்குப் பக்கத்தில் முட்டி வலிக்கு மருந்து கொடுத்த நான்காவது வக்கீல். அம்மாள் பென்சிலைச் சீவிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். வண்டிகள் எப்போது ஷெட்டுக்குப் போயின? பெரிய கம்பெனி எப்போது வந்து பேசியது? ஊரில் எத்தனை வக்கீல்களிடம் ஆலோசனை கேட்டீர்கள்? நான்காவது வக்கீல் பதில் சொல்ல வேண்டாம் என்று அவர் கையைத் தொட்டார். பிறகு கம்பெனி விஷயம் என்ன என்று தன் கட்சிக்காரரிடமே தாழ்ந்த குரலில் கேட்டார். அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவில்லை போலும்.

ஒரு முறை, வக்கீல்கள் இருவரும் வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மேஜைக்கு மேல் குனிந்து சொன்னார்: "உனக்குக் கெடுதல் பண்ணணும்னு நான் நினைக்கல. செலவில்லாம முடிக்கணும்னுதான் நினைச்சேன்."

"யாருக்குச் செலவில்லாம?"

அந்தக் கேள்விக்கு அவள் பதில் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வேறொன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு வருவீங்களே, மாடியிலேர்ந்து இறங்கறப்போ. நான் கீழே காத்திருக்கறதைப் பாக்கறப்போ, ஒரு தடவைகூட உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கலையா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "பழகிடுச்சு" என்றார்.

இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்னதிலேயே மிக நேர்மையான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அதைவிட ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பள்ளி அவளுக்கு வந்தது. வண்டிகளும் வந்தன. வீட்டை விற்றுக் கடன் போக மிஞ்சியதில் பெரும்பங்கு அவருக்குப் போனது. அவள் வக்கீல் செலவில் ஒரு பகுதியை அவர் ஏற்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். மீதியை அவள்தான் கட்டினாள். கையிலிருந்த சேமிப்பு கரைந்தது. பள்ளிக்கு மேலேயே ஒற்றை அறையை ஒழித்து எடுத்துக் குடிபோனாள். கம்பெனி அவரை வேறு ஊரில் வேலைக்கு எடுத்துக்கொண்டது என்று கேள்வி. அவர் அசிங்கப்படவில்லை. அவர் போன பிறகும் ஊரில் சிலர், "மேனேஜர் தங்கமான மனுஷன், டீச்சர்தான் கோர்ட் வரைக்கும் இழுத்துட்டா" என்று பேசிக்கொண்டார்கள். அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களின் வாய்கள்தான் அவை. அவள் கேட்டும் கேட்காதது போல இருந்துகொண்டாள்.

தீர்ப்பு நாளில் நீதிபதி வழக்கப்படி கேட்டார்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடு சம்மதிக்கிறீர்களா? சம்மதம் என்று சொன்னாள். முழு மனது என்று ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அண்ணன் அதற்குப் பிறகு பேசவில்லை. இவளும் பேசவில்லை. மகள் மட்டும் ஊருக்கு வரும்போதெல்லாம் ஷெட்டுக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வருவாள். வந்து ஒன்றும் சொல்ல மாட்டாள், இவளும் கேட்க மாட்டாள். ஆனால் அன்று சாப்பாட்டு நேரத்தில் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவன் நன்றாக இருக்கிறானா என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியுமா என்று.

வண்டிகளைப் பழுது பார்க்க வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு மெக்கானிக் இருந்தார். நரைத்த தலை, சிரித்த முகம். நீல வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று விவரமாகச் சொன்னார். எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.

"அதெல்லாம் நமக்குள்ள என்ன கணக்கு? முடிச்சிட்டுச் சொல்றேன். என்னை உன் அண்ணன் மாதிரி நினைச்சுக்கோ தங்கச்சி."

டீச்சர் சாவியை அவர் கையில் கொடுக்கப்போனவள், கொடுக்காமல் நின்றாள். மனிதர் வெள்ளந்தியாகத்தான் சொல்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"வேணாங்க" என்றாள். "டீச்சர்னே கூப்பிடுங்க. எவ்வளவு ஆகும்னு இப்பவே சொல்லிடுங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. கையைத் துடைத்துக்கொண்டு, தொகையைச் சொன்னார். நியாயமான தொகைதான். அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே போனாள்.